ஆடிக் கஞ்சியும் மூன்று வார மருந்தும்

முதலில் இறுகியது சட்டையின் மேல்பொத்தான்தான். பாறசாலையில் ஆதாரம் எழுதுவது (பத்திரம் எழுதும் வேலை) என் தொழில். குனிந்து எழுதினால் முகம் வீங்கியது. உப்பைக் குறைத்தேன். குறைந்தது ருசி மட்டும்.

திருவனந்தபுரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். தைமஸ் புற்று (நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள சிறு சுரப்பியில் அபூர்வமாக வருவது). நுரையீரலின் உறைக்கும் பரவியிருந்தது. ஆறு கீமோவில் கட்டி சுருங்கியது. அது மறுபடி தலைதூக்காமலிருக்க இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்பு சக்தியைப் புற்றின் மீது ஏவும் மருத்துவம்) கொடுத்துப் பார்க்கும் ஆய்வில் சேர்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். பலன் உண்டா என்று அறியத்தான் ஆய்வு என்றும் சொன்னார். எனக்கு வாழ ஆசையாக இருந்தது. வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்பவன், பன்னிரண்டு பக்க ஒப்புதல் படிவத்தில் இரண்டு பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். நான்கு முறை ஒரு தொந்தரவும் இல்லை. அப்போது ஆடி பிறந்தது. எங்கள் பக்கம் அந்த மாதம் மருந்துக்கஞ்சி (பச்சிலை மருந்துகள் போட்டுக் காய்ச்சுவது) குடிக்காத வீடு குறைவு. அடுத்த வீட்டிலிருக்கும் அக்கா தூக்குவாளியோடு வந்தாள்.

“குடி மக்கா. ஒனக்க ஊசியும் எதிர்ப்பு சக்திக்கு உள்ளதுதானே? இதும் அதுக்காக்கும்.”

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. குடித்தேன். மூன்றாம் நாள் வயிறு போகத் தொடங்கியது. “அழுக்கு போவுது, போட்டும்” என்றாள். ஐந்து நாள் போகவிட்டோம். ஆறாம் நாள் ரத்தம் கண்டது.

டாக்டர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“காரணம் கஞ்சி இல்ல கேட்டோ, நம்ம மருந்து. எதிர்ப்பு சக்தி குடலையும் தாக்குது. முதல் நாளே போன்ல விளிச்சிருந்தா சரியாக்கித் தொடர்ந்திருக்கலாம். இனி இந்த மருந்து தர முடியாது.”

ஸ்டீராய்டு (எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து) குடலை ஆற்றியது. நான் அழுதேன். அக்கா கட்டிலருகே நின்று, “நானாக்கும் ஒன்னக் கெடுத்தது” என்றாள்.

“இல்லக்கா. வாசிக்காதவன் நானாக்கும்.”

படிவத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது: வயிறு போனால் அன்றே அழைக்கவும், கேட்காமல் வேறு மருந்து உட்கொள்ள வேண்டாம்.

இதே மருந்து எடுப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வயிறோ தோலோ மூச்சோ கொஞ்சம் மாறினாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மருந்து நின்ற பிறகும் சிலருடைய உடம்பு புற்றை எதிர்க்கக் கற்றதை மறப்பதில்லையாம். என் உடம்பு எப்படி என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் சொல்கிறது. இதுவரை கட்டி வளரவில்லை. வருஷக் கணக்கில் திட்டம் போட்டவன் இப்போது அடுத்த ஸ்கேன் வரைக்கும்தான் யோசிக்கிறேன். அதற்குள்ளேயே நிறைய இடம் இருக்கிறது.

மறுபடி ஆடி வந்தது. அக்கா தூக்குவாளியோடு வாசலிலேயே நின்றாள்.

“வெறும் கஞ்சியும் பயறும்தான் மக்கா. ஆசுபத்திரிக்கு நானே விளிச்சுக் கேட்டாச்சு.”

நான் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுப் பார்த்தேன். இறுகவில்லை. கஞ்சி குடிக்க உட்கார்ந்தேன்.