சமாளிப்போம் என்று சொல்லச் சொன்னவர்

உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன். இரங்கல் கூட்டத்தில் வாசிக்க, இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுது என்று தலைமையாசிரியர் சொன்னார். ஆனால் ஏ.இ. சாரை அறிந்த நீங்கள்தான் இதைக் கேட்கப் போகிறீர்கள். உங்களிடம் பாதியை மறைத்து என்ன பயன்?

செய்தியை லைன்மேன் முனியப்பண்ணன் கொண்டுவந்தார். உத்தனப்பள்ளி பஸ் நிறுத்தத்தில் சைக்கிளை நிறுத்தி, "பாப்பா, நம்ம ஏ.இ. சாரு போயிட்டாரு. ஆபீஸ்லயே நெஞ்சு வலி" என்றார். நான் பஸ் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுவிட்டு அம்மா மறுபடி வாசலைப் பெருக்கத் தொடங்கினாள்.

மின்சார அலுவலகத்தில் அவர் உதவிப் பொறியாளர். தெற்கே காற்றாலைகள் நட்டிருக்கும் ஊர்ப்பக்கம் பிறந்தவர். அது தெரிந்ததிலிருந்து, கரண்ட் போனால் சின்னப்ப மாமா அவரை விடமாட்டார். "ஏன் சார், உங்க ஊர்ல காத்து நின்னுபோச்சுங்களா?"

"நின்னுட்டுவே. நீரு ஒரு விசிறியோட போயி வீசிட்டு வாருமேன்" என்பார் சார்.

என் சந்தேகங்களுக்கும் சலிக்காமல் பதில் சொல்வார். "காத்து சும்மா கிடைக்கும் தாயி. ஆனா நாம கூப்பிட்ட நேரத்துக்கு வராது. அணைத் தண்ணியும் அப்படித்தான். அது ரெண்டும் வராத நேரத்துக்கு நிலக்கரிதான். அதுக்குத் துட்டு வேணும்."

அவர் அலைந்துதான் நம் ஊருக்குச் சூரிய விளக்குகள் வந்தன, வீட்டுக்கு ஒன்று. விழாவுக்குச் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருவதற்கு முன் சார் என்னைத் தனியே அழைத்தார். "கரண்ட் நின்னா என்ன செய்வீகன்னு கேப்பாரு. 'சமாளிப்போம் சார்'னு சத்தமாச் சொல்லணும். உன் குரலுதான் எடுப்பா இருக்கு."

சொன்னேன். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். அப்பா வாயில் வெற்றிலையோடு சிரித்துச் சட்டையைக் கறையாக்கிக்கொண்டார்.

அந்தக் கோடையில் மின்வெட்டு வந்தது. மற்ற ஊர்களுக்கு முறை வைத்து நிறுத்தினார்கள். நம் லைனை மட்டும் தினமும் நிறுத்தினார்கள். வீட்டில் சூரிய விளக்கு எரிந்தது. கிணற்று மோட்டார் அதில் ஓடாது. மல்பெரித் தோட்டம் வாடித் தழை சுருங்கியது. பட்டுப்புழுக்கள் கூடு கட்டுவதற்கு முன் பெரும்பசியில் இருந்த வாரம் அது. அம்மா தழை கேட்டுத் தோட்டம் தோட்டமாக அலைந்தாள். எல்லார் தோட்டமும் அப்படித்தான் கிடந்தது. கடைசியில் புழுக்களைக் குழியில் கொட்டி, அவை நெளியும்போதே மண்ணைத் தள்ளினாள்.

அப்பாவோடும் ஊராரோடும் நானும் அலுவலகத்துக்குப் போனேன்.

"எங்க லைன மட்டும் ஏங்க சார் தெனமும் நிறுத்தறீங்க?" என்று அப்பா கேட்டார்.

"எந்த லைன நிறுத்தினா பாதகமில்லன்னு மேல கேட்டாக. உங்க மகதான மேடையில சமாளிப்போம்னு சொன்னா?"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"நீங்கதானே சார் சொல்லச் சொன்னீங்க?"

சார் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு, "உங்க லைன விட்டா ஃபேக்டரி லைனத்தான் நிறுத்தணும். அங்க உலை நின்னா உள்ள உருகினது கட்டியாயிரும் தாயி. டீசல் போட்டு ஓட்டினா கட்டுப்படியாகாது. ஷிப்டையே நிறுத்திருவாக. உங்க அண்ணன் வேலையும் அங்கதான இருக்கு?" என்றார்.

அது உண்மை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மட்டும் ஆறவில்லை.

"அதையே சொல்லி எங்களக் கேட்டிருக்கலாமே சார். எங்க லைன நிறுத்தத்தான் விளக்கு குடுக்கறீங்கன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீக" என்றார் சார்.

அதன் பிறகு அவர் நம் தெருவுக்கு வந்தபோதெல்லாம் நான் உள்ளே போய்விடுவேன். சின்னப்ப மாமாவும் காற்றைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கடைசிப் பதிலைத்தான். கரண்ட் எல்லாருக்கும் போதாது என்பது எனக்குப் புரிகிறது, புரியவைத்தவரே அவர்தான். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர், எங்களைக் கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. மறுப்போம் என்று தெரிந்தே கேட்கவில்லை. அவருக்காக அழ உட்கார்ந்தால் அம்மா தள்ளிய மண்தான் கண்ணில் நிற்கிறது.

நாளை இரங்கல் கூட்டத்தில் இதை நானே வாசிப்பேன். அன்று மேடையில் சொன்ன அதே சத்தத்தில்தான் வாசிப்பேன்.

அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான். இதோ, நம் லைனில் கரண்டை நிறுத்திவிட்டார்கள். சூரிய விளக்கைப் போடட்டுமா என்று அப்பா கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.