ஜிப்பக்காவின் வாசல்

ஜிப்பின் ரன்னரை மூன்று முறை மேலும் கீழும் இழுக்கிறார். நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டு, காதருகே வைத்துக் கேட்கிறார். திருப்தியில்லை. டப்பாவிலிருந்து ஒரு துண்டு மெழுகுவத்தியை எடுத்து ஜிப்பின் பற்கள் மேல் தேய்க்கிறார். மறுபடி இழுப்பு, மறுபடி காது. "ம், இப்பதான் ஒழுங்கா ஓடுது" என்று பேண்டை என் மடியில் போடுகிறார். "வயித்தைக் கொஞ்சம் குறைங்க சார். ஜிப்பு என்ன பண்ணும், பாவம்."

தெரு முழுக்க அவர் ஜிப்பக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான். புதுத்துணி தைக்க மாட்டார். ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிரித்து விடுவது, காலைக் குட்டையாக்குவது, அவ்வளவுதான் தொழில். "புதுசு தைக்க ஆயிரம் பேர் இருக்காங்க. ஆளுங்க குண்டாறதும் இளைக்கிறதும் நிக்கவா போகுது?" என்பார். எதிர் ஸ்டூலில் கணவர் பிளேடும் கையுமாகக் குனிந்திருப்பார். பழைய தையலைப் பிரிப்பது அவர் வேலை. "நான் தைக்கிறவ, அவரு பிரிக்கிறவரு. இருபத்தாறு வருஷமா சண்டையே இல்ல, பாருங்க." அதற்கு அவர் தலை நிமிராமல், "பேச விட்டாத்தானே" என்பார்.

கடை தெருவைவிட மூன்று படி உயரத்தில் இருக்கிறது. எட்டுக்குப் பத்தில் ஒரே அறை, ஒரே கதவு. பின்வாசல் கிடையாது. கதவில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு அட்டை. ஒரு பக்கம் 'கடை திறந்திருக்கிறது', மறுபக்கம் 'கடை மூடியிருக்கிறது'. காலையில் வந்ததும் பூட்டைத் திறப்பதற்கு முன்பே அட்டையைத் திருப்பிவிடுவார். நான் எதிர் மாடியில் குடியிருப்பவன். அட்டை திரும்புவதைப் பார்த்துத்தான் பல நாள் எழுந்திருக்கிறேன்.

அந்த மூன்று படிதான் வினையாகப் போயிற்று. எங்கள் தெரு வணிகர் சங்கம் ஆண்டுதோறும் ஒரு சனிக்கிழமை 'சிறுதொழில் நாள்' நடத்துகிறது. சின்னக் கடைகளை நாலு பேருக்குத் தெரியப்படுத்துவதற்காகவாம். தெருவை அடைத்துக் கடைகள் போடுவார்கள். யாருடைய கடைகள் என்று கேளுங்கள்: போன் கம்பெனி, இன்சூரன்ஸ் கம்பெனி, எங்கிருந்தோ வருகிற பலூன்காரர். நடுவில் ஒரு மேடை. அதன் உயரமும் ஜிப்பக்கா கடை வாசலின் உயரமும் ஒன்று. வாசலோடு ஒட்டிப் பலகையைப் பரப்பினால் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது, முட்டுக்கொடுக்கிற வேலை பாதி மிச்சம். மேடைக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு ஒரு துணி, இரண்டு பக்கமும் தகரம். கடை போன இடம் தெரியாது. சின்னக் கடையை ஊருக்குக் காட்ட அந்தக் கடையையே மூடி மறைக்கிற அறிவை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ!

சங்கத் தலைவர் பர்னிச்சர்காரர். தெருமுனையில் மூன்று மாடி ஷோரூம். அதன் முன்னால் எவ்வளவு அகலமான இடம் கிடக்கிறது தெரியுமா? அங்கே மேடை போடக் கூடாதாம். கேட்டால், "கஸ்டமர் வண்டி வந்து போகணுமே" என்கிறார். ஜிப்பக்காவிடம் வருகிறவர்கள் என்ன பறந்தா வருகிறார்கள்?

சனிக்கிழமைதான் அவருக்கு வாரத்திலேயே முக்கியமான நாள். வாரமெல்லாம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அன்றைக்குத்தான் வாங்க வருவார்கள். முதல் வருஷம் பொறுத்துக்கொண்டார். இரண்டாம் வருஷம் நிகழ்ச்சி முடிந்து பத்து நாள் கழித்து, ஐந்து ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த ஒரு டீச்சரைத் தெருவில் பார்த்தாராம். "கடையை மூடிட்டீங்கன்னு நினைச்சேன்க்கா. அன்னிக்கு வந்து தேடினேன், காணோம். இப்ப பெரிய கடையிலதான் குடுக்கிறேன்." இதை என்னிடம் சொல்லும்போது ஜிப்பக்கா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டார். "மூடிட்டேன்னு நினைச்சாங்களாம் சார். உயிரோட இருக்கிறவளைப் பார்த்து, செத்துட்டீங்கன்னு நினைச்சேன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு." டீச்சரோடு நிற்கவில்லை. அந்த வருஷம் அப்படி ஏழு பேர் போய்விட்டார்கள். இன்னொரு ஏழு பேர் போனால் கடை தாங்காது என்று கணவர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

சரி, சங்கத்தை விட்டு விலக வேண்டியதுதானே என்று நானே ஒருமுறை கேட்டுவிட்டேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஏன் விலகணும்? தெருவிளக்கு எரியாம கிடந்தப்போ யாரு போய் நின்னா? கடைக்காரங்க பாதிப் பேரைக் கட்டடத்துக்காரன் காலி பண்ணச் சொன்னப்போ யாரு தடுத்தா? சங்கம்தான். தனித்தனியாக் கத்தினா எவன் திரும்பிப் பார்ப்பான்? சங்கம் வேணும் சார். என் வாசலும் வேணும். ரெண்டும் கேக்கறது தப்பா?"

ஒரு கூட்டத்தைக்கூட விடமாட்டார். முதல் வரிசையில் உட்கார்ந்து, யாருடைய பாவாடைக்கோ ஓரம் தைத்துக்கொண்டே கேட்பார். இந்த வருஷக் கூட்டத்தில் எழுந்து நின்று, மேடையைப் பத்தடி தள்ளிப் போடுங்கள் என்று கேட்டார். வெறும் பத்தடி! தலைவர், "பரிசீலிப்போம்மா, உட்காருங்க" என்றார். செயலாளர், அவர் மருந்துக்கடைக்காரர், குறிப்புப் புத்தகத்தில் என்ன எழுதினார் என்று பிறகு எட்டிப் பார்த்தேன். 'உறுப்பினர் ஒருவர் மேடை குறித்துப் பேசினார். நன்றி தெரிவிக்கப்பட்டது.' ஒரு மனுஷியின் பிழைப்பை ஒரு வரியில் பூசி மெழுகி, கூடவே நன்றியும் சொல்லிவிட்டார்கள்.

கேளுங்கள் இதையும். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால், அந்த மேடைத் துணியை ஓரம் தைத்துக் கொடுக்கச் சொல்லி ஜிப்பக்காவிடமே கொண்டுவந்தார் செயலாளர்! நான் அப்போது கடையில் இருந்தேன். நல்ல கனத்த துணி. 'சிறுதொழில் காப்போம்' என்று முழ நீள எழுத்து. அதன் கீழே, நடுவில், தலைவர் ஆளுயரத்துக்கும் மேலே சட்டையும் சிரிப்புமாக நிற்கிறார்.

"மேடை எங்க சார் வருது?" என்று கேட்டார் ஜிப்பக்கா.

"வழக்கமான இடம்தான்கா. அதான் வசதி." செயலாளர் நாக்கு கூசாமல் சொன்னார். "கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக் குடுங்க. நம்ம சங்கம்தானே."

"நம்ம சங்கம்தான்" என்றார் ஜிப்பக்கா.

செயலாளர் போனதும் துணியைத் தரையில் விரித்தார். அதில் நடந்துபோய், தலைவரின் சட்டைப் பித்தான் வரிசையின் மேல் இன்ச் டேப்பை வைத்தார். கழுத்திலிருந்து அடிவரை அளந்தார். மெத்தை உறைகளுக்குப் போடுகிற நீள ஜிப் ஒன்றைப் பெட்டியின் அடியிலிருந்து உருவினார்.

"என்னக்கா பண்றீங்க?" என்றேன்.

"வாசல் வைக்கிறேன்."

கணவர் பிளேடைக் கீழே வைத்தார். "வேணாம்மா. பெரிய மனுஷன் படம். சங்கத்தை விட்டே தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும். கதவை மூடினவங்களை யாரும் தூக்கல. திறக்கிறவளைத் தூக்குவாங்களா? நீங்க அந்தக் கோட்டைப் பிடிச்சுப் பிரிங்க."

அவர் பிளேடை மறுபடி எடுத்தார். பிறகு குனிந்து, பித்தான் வரிசை நெடுக நேராக வெட்டினார். அவ்வளவு நேரான வெட்டை நான் பார்த்ததில்லை. ஜிப்பக்கா இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தார். இரண்டு ஓரத்தையும் ஜிப்பின் மேல் மடித்து, பித்தான்கள் இருந்த இடத்தில் அதே நிற நூலால் பித்தான்கள் தைத்தார். கீழே இழுத்து மூடிவிட்டால் கையால் தடவினாலும் தெரியாது. துணியை வாங்கிப் போக வந்த செயலாளர் ஓரத்தை மட்டும் தடவிப் பார்த்து, "அருமை" என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே, தகரம் வைக்கும் முன்பு, இருவரும் கடைக்குள் போய்விட்டார்கள். மேடை எழும்பியது. துணி ஏறியது. ஒலிபெருக்கி அலறியது. நான் கூட்டத்தில் நின்றேன். என் பக்கத்தில் காக்கிப் பேண்டும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு பெண் பரபரத்துக்கொண்டிருந்தாள். புதிதாக பஸ் ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்தவளாம். மதியம் முதல் டூட்டி. யூனிஃபார்ம் கோட்டைச் சிறிதாக்கக் கொடுத்திருக்கிறாள். கோட்டு இல்லாமல் வண்டியில் ஏற்ற மாட்டார்கள்.

"இங்க ஒரு ஆல்ட்ரேஷன் கடை இருந்துச்சே சார். மூடிட்டாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வார்த்தை. "மூடலம்மா. அந்தப் படத்துக்குப் பின்னாலதான் இருக்கு" என்றேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

மேடையில் தலைவர் மைக்கைப் பிடித்திருந்தார். "இந்தத் தெருவிலே உள்ள ஒவ்வொரு சின்னக் கடையும் என் நெஞ்சிலே இருக்கிறது" என்றார். கைதட்டல்.

கைதட்டல் அடங்கும்போது 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். மைக் அதையும் வாங்கித் தெருவெல்லாம் பரப்பியது. நன்றாக மெழுகு தேய்த்த ஜிப், எங்கும் சிக்கவில்லை. படத்திலிருந்த தலைவர் அடியிலிருந்து கழுத்துவரை இரண்டாகப் பிரிந்தார். உள்ளே டியூப்லைட் வெளிச்சம், தையல் மிஷின், ஸ்டூலில் குனிந்த கணவர். முன்னால், கழுத்தில் இன்ச் டேப்பும் கையில் ஒரு கோட்டுமாக ஜிப்பக்கா.

நிஜத் தலைவர் திரும்பிப் பார்த்தார். செயலாளர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். ஓட்டுநர் பெண் என் காலை மிதித்துக்கொண்டு ஓடினாள், மேடைப் படிகளில் ஏறினாள், "கொஞ்சம் தள்ளிக்குங்க சார்" என்று தலைவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். அவள் பின்னால் துணிப்பையோடு இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள்.

ஜிப்பக்கா யாரையும் பார்க்கவில்லை. கதவிலிருந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். எட்டி, தலைவர் படத்தின் தொண்டைக்குழியில் நின்றிருந்த ரன்னரில் அதன் கயிற்றை மாட்டினார். எழுத்து வெளிப்பக்கம் பார்க்கிறதா என்று ஒருமுறை விரலால் சரிசெய்தார்: 'கடை திறந்திருக்கிறது.'