அந்தரத்தில் ஒரு லேத்து

உங்கள் பிள்ளைக்கு வேலை தருகிறோம், அதற்கு உங்கள் கையாலேயே பக்கத்து ஆளின் பிழைப்பைத் தூக்கி லாரியில் வையுங்கள் என்று அரசு சொன்னால் என்ன செய்வீர்கள்? யோசித்துச் சொல்கிறேன் என்பீர்கள். மேல்வீட்டு அக்காவை யோசிக்கவும் விடவில்லை.

அரசு பம்பு தொழிற்சாலையில் இரும்புச் சீவல் பெருக்கத்தான் அவர் முதலில் வந்தார். பெண்ணுக்கு உயரத்தில் தலை சுற்றும் என்று சிரித்தவர்கள் முன்னால் பரீட்சை எழுதித் தேறி, கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கூண்டில் ஏறி உட்கார்ந்தார். மேல்வீட்டு அக்கா என்ற பெயர் அப்போது வந்தது. கணவர் இறந்த பிறகு அந்தக் கூண்டுதான் மகளைப் படிக்க வைத்தது. படித்த மகள் வேலையின்றி வீட்டில் இருக்கிறாள்.

இந்த நிலையில்தான் அறிவிப்பு வந்தது: தொழிற்சாலையை விற்று, அந்தப் பணத்தில் இளைஞர்களுக்குப் புதிய தொழிற்சாலை. இயந்திரங்களை ஏற்றிக் கொடுத்தால் முதல் வேலை உங்கள் மகளுக்கு என்றார் மேலாளர். கிரேன் ஓட்ட உரிமம் உள்ளவர் அக்கா ஒருவர்தான்.

"மேல்வீட்டு அக்கா, கீழ்வீட்டை வித்துட்டா நீங்க எங்க குடியிருப்பீங்க?" என்று கேட்டார், கீழே லேத்து இயந்திரத்தில் இரும்பு கடையும் லேத்துக்காரர்.

"பொண்ணுக்காகத்தான் தம்பி."

"எனக்கும் ரெண்டு இருக்குக்கா."

இன்று காலை அக்கா அவருடைய லேத்தைத்தான் முதலில் தூக்கினார். அது மேலே எழுந்ததும், லேத்து நின்ற வெற்றிடத்தில் லேத்துக்காரர் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். மற்றத் தொழிலாளர்கள் லாரியிலும் வழி நெடுகவும் உட்கார்ந்துவிட்டார்கள். விலகச் சொல்லி அக்கா கிரேன் மணியை அடித்தார். ஒருவரும் எழவில்லை.

"லேசா நகர்த்துங்கம்மா, பயந்து ஓடிடுவாங்க" என்றார் மேலாளர்.

"கீழ ஆளிருந்தா நகர்த்தக் கூடாதுங்க சார். பரீட்சையில நீங்க கேட்ட கேள்விதான்."

"அப்ப இறங்கி வாங்க."

"சுமை தொங்குறப்ப இறங்கவும் கூடாது சார்."

மகள் கைப்பேசியில் அழைத்தாள். "அம்மா, இன்னைக்கு ஏத்தலன்னா வாங்குறவங்க போயிடுவாங்களாம். எனக்கு வயசு ஏறிக்கிட்டே போகுதும்மா."

"கீழ உக்காந்திருக்கிறவங்க தலைமேல எப்படிடீ கொண்டுபோவேன்?"

மகள் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

தலையெழுத்து என்று யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். தாயையும் மகளையும் இப்படி எதிரெதிரே நிறுத்தியது விதியல்ல, ஓர் அலுவலகத்தில் மனிதர்கள் எடுத்த முடிவு. விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொதுச் சொத்து தொட்டால் தீட்டாகிவிடும் சாமி சிலையா என்ன? பழையதை விற்றுப் புதியது கட்டலாம். ஆனால் புதியது எங்கே? ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் ஒரு பெயர்ப்பலகை நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒரு செங்கல்கூட இல்லை. பலகையை நம்பி லேத்தைக் கொடு என்பது எந்த ஊர் நியாயம்?

இதை எழுதும்போதும் அக்கா கூண்டில்தான் இருக்கிறார். தண்ணீரைக் கயிற்றில் கட்டி அனுப்புகிறார்கள். கட்டி அனுப்புவதும் கீழே உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

வேடிக்கை பார்க்கத் தொழிற்சாலை வாசலுக்கு வராதீர்கள். தொழில்துறை அலுவலகத்துக்குப் போங்கள். விற்ற பணம் எந்தக் கணக்கில் இருக்கும், கட்டடம் எப்போது எழும், கீழே இருப்பவர்களுக்கும் அங்கே இடம் உண்டா என்று கேளுங்கள். பதிலைக் கையெழுத்தோடு வாங்காமல் திரும்பாதீர்கள். இன்றைக்கே போங்கள்.