உள்ளங்கை அகலக் குழி

படப்பையில் எங்கள் தெருவில் என்னைக் குடிகாரன் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. காலையில் குப்பை வாங்க வரும் அம்மாவிடம் ஒரு பை நிறைய நசுங்கிய அலுமினிய டப்பாக்களை நீட்டும் ஐம்பது வயது ஆளைப் பற்றி வேறு என்னதான் நினைப்பது? டப்பாவில் இருந்தது வெறும் கலர் சோடா. அதைக்கூட நான் குடிக்கவில்லை. சொம்பில் ஊற்றி வைத்துவிட்டு, காலி டப்பாவைத் தரையில் நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். இதை விளக்குவதைவிடக் குடிகாரன் என்ற பெயரே கௌரவமாகப் பட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு குழி.

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் சைலோ செய்கிறோம். பிளாஸ்டிக் குருணை போன்ற சரக்கைக் கொட்டி வைக்க, தகட்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்து, நாலு மாடி உயரத்துக்கு நிற்கும் எஃகு உருளை அது. உயரத்தைப் பார்த்து மிரண்டுவிடக் கூடாது. தகடு மெல்லியது, விரல் கனம்கூட இருக்காது. படம் போடுவதும் கணக்குப் போடுவதும் என் பொறுப்பு. பிள்ளைப்பாக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்காகச் செய்த சைலோவைப் புரட்டிப் போடும்போது கிரேன் கொக்கி ஆடி வந்து அடிப்பக்கத்து வளையத்தில் இடித்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. ஆழம் என்று பார்த்தால் தகட்டின் கனம்தான். வெயில் சாய்வாக விழுந்தால் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது.

சூப்பர்வைசர் சேரப்பணஞ்சேரிக்காரர், எதற்கும் கலங்காதவர். “இன்னா சார் இதுக்குப் போய் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற? பட்டி வெச்சித் தேச்சி பெயின்ட் அடிச்சா மாப்ள கணக்கா ஆயிடும்.”

“குழி உள்ளே அப்படியேதானே இருக்கும்?”

“புது வண்டியில மொத கீறல் வுழுந்தா இன்னா சொல்றோம்? திருஷ்டி கழிஞ்சிதுன்றோம். அப்டி நெனச்சிக்க சார்.”

கட்டி முடியாத ஒவ்வொரு கட்டடத்திலும் கோரைப்பல் வரைந்த பூசணிக்காய் தொங்கும் வட்டாரத்தில் இதற்கு மறுப்புச் சொல்வது எளிதல்ல. என் ஸ்கூட்டரில் முதல் கீறல் விழுந்த அன்று நானே அப்படிச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் மெல்லிய உருளைக்குத் திருஷ்டி கழியாது. கனமான தூண் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பெருந்தன்மையாகச் சுமக்கும். மெல்லிய உருளை அப்படியல்ல. குற்றமில்லாமல் இருந்தால் யானையைத் தாங்கும். தகட்டின் கனமளவு ஒரு குழி விழுந்துவிட்டால், தாங்கும் பலத்தில் பாதிக்கு மேல்கூடப் போய்விடும். போவதும் சொல்லிக்கொண்டு போகாது. ஒரு நொடி முன்புவரை விறைப்பாக நின்றுவிட்டு, அடுத்த நொடி மடங்கிவிடும். கொஞ்சம் கோணலுக்கு இடம் விட்டுத்தான் கணக்குப் போடுகிறோம். இந்தக் குழி அந்த இடத்தையும் தாண்டிவிட்டது. உள்ளே கொட்டும் சரக்கு சுவரைப் பற்றிக்கொண்டு கீழே இழுக்கும். அந்தப் பாரமெல்லாம் வந்து இறங்குவது அடி வளையத்தில், அதாவது குழியின் தலையில். அதற்கும் கீழே, அடிவாய் வழியாக இறங்கும் சரக்கை மூட்டை பிடிக்கிறவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள்.

குழி ஆழமாக ஆக பலம் எப்படி இறங்குகிறது என்று கோடு போட்ட வரைபடத்தை முதலாளியிடம் காட்டினேன். முன்பின் தெரியாதவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“கோடு சர்ருனு கீழ போவுது. சரி சார். நம்ம சைலோ நல்லாத்தான நிக்குது?”

“இன்னும் உள்ள ஒண்ணுமே கொட்டலையே சார்.”

“வெள்ளிக்கிழமை டிரெய்லர் வருது. பாத்துக்கங்க.”

சைலோவை அனுப்பலாம் என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வீரமாக எழுந்து வந்திருக்கலாம். நான் போடாவிட்டால் பக்கத்து மேசைக்காரர் போட்டுவிடுவார், சைலோ போய்விடும். எனவே அவருக்குப் புரியவைத்தே ஆக வேண்டியிருந்தது. கோடு புரியாதவருக்கு டப்பா புரியும் என்று தோன்றியது. அதுவும் மெல்லிய உருளைதானே.

ஒத்திகை மோசமாகப் போனது. ஏறிய டப்பாக்கள் எல்லாம் உடனே நசுங்கின. என் தொப்பையைச் சந்தேகித்து ஒரு வேளை சோற்றைக்கூட விட்டேன். பிறகுதான் புரிந்தது: மூடியைத் திறக்கும்போது நானே கட்டைவிரலால் பக்கத்தை அமுக்கிக்கொண்டிருந்தேன். முதலாளிக்குச் சொல்ல நினைத்த பாடத்தை டப்பா எனக்கு நடத்திக்கொண்டிருந்தது. பூப்போலப் பிடித்துத் திறந்த டப்பா என்னைத் தாங்கியது. அதன்மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த தருணத்தில் மனைவி கதவைத் திறந்தாள்.

“ஏங்க, அதுமேல ஏறி என்னத்த எட்டிப் பாக்கறீங்க?”

வியாழக்கிழமை, அந்தக் குழிக்கு முன்னாலேயே ஒரு டப்பாவை நிறுத்தி, முதலாளியை ஏறச் சொன்னேன். ஒல்லியான மனிதர். சூப்பர்வைசரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

“மொதலாளி, பாத்து, பாத்து!”

“வுடுய்யா, நிக்குது பாரு!” என்று தோளை விட்டுவிட்டுச் சிரித்தார். வெல்டர்கள் கைதட்டினார்கள். நான் குனிந்து, இரண்டு பேனாக்களால் டப்பாவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் லேசாகத் தொட்டேன்.

டப் என்றது. டப்பா வடை மாதிரி ஆகிவிட்டது. முதலாளி தரையில் நின்றுகொண்டிருந்தார், முகத்தில் சிரிப்பு மட்டும் இன்னும் இறங்கி வரவில்லை. கைதட்டல் நின்றது. காலடியில் இருந்ததைப் பார்த்தார், பிறகு குழியைப் பார்த்தார்.

“இதுக்குக் கீழ ஆளுங்க நிப்பாங்களா சார்?”

“ஷிப்டுக்கு நாலு பேர் நிப்பாங்க.”

“வெட்டி எடுத்துடு,” என்றார் சூப்பர்வைசரிடம். “புது வளையம் போடு. டிரெய்லர்காரனுக்கு நான் சொல்லிக்கறேன்.”

சூப்பர்வைசர் என்னைப் பார்த்த பார்வையில் அன்பு இல்லை. ஆனால் வளையத்தைப் போட்டது அவர்தான், ஒரு நூல் பிசகாமல் போட்டார். நான் வாழ்க்கையில் பெருமைப்பட்ட விஷயங்களைத் திரட்டினால் சட்டைப் பையில் அடங்கிவிடும். இது ஒன்றுக்குத் தனிப் பை தேவைப்பட்டது. சைலோ பிள்ளைப்பாக்கம் போய், நிமிர்ந்து, சரக்கு நிரம்பி நின்றது. அந்தப் பக்கம் வேலையே இல்லாத நாட்களிலும் அந்த வழியாகவே வீடு திரும்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிப்போய், காம்பவுண்டு சுவர் ஓரம் நிறுத்தி, கழுத்தை நிமிர்த்திக் காட்டினேன். கொக்கி, குழி, கோடு, பேனா எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அடியில் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தவர்களையும் காட்டினேன். நெற்றியில் கை வைத்து மேலே பார்த்தபடி பொறுமையாகக் கேட்டாள்.

“பக்கத்துல இன்னும் ரெண்டு இருக்கே, அதுவும் நீங்க செஞ்சதா?”

“இல்ல, அது வேற யாரோ.”

“அதுவும்தான் நிக்குது,” என்றாள்.