திக்கிய விரல்கள்

அலுவலகத்தில் அவனுக்கு ‘வேகத்தடை’ என்று பட்டப்பெயர். இணைய நிறுவனத்தில் எந்தக் கட்டணத்துக்கு எவ்வளவு வேகம் என்று வகுப்பது அவன் வேலை. மாலை நெரிசலில் யாரை முன்னால் விடுவது, யாரைக் காக்க வைப்பது என்பதும் அவன் கையில்தான்.

புதிய அடிப்படைத் திட்டத்தில் குரல் அழைப்புக்கு முதலிடம் கொடுத்தான். பேச்சு அத்தியாவசியம், வீடியோ பொழுதுபோக்கு, வேண்டியவர்கள் கூடுதலாகப் பணம் கட்டிக்கொள்ளட்டும் என்றான். கூட்டத்தில் கைதட்டினார்கள்.

அவனுடைய அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வேறு ஊரில் சலவைக் கடையில் துணி தேய்க்கிறாள். எழுத்தும் அவ்வளவாக வராது. மாலையில் வேலை முடிந்ததும் வீடியோவில் வந்து கையாலேயே வாயடிப்பாள். திட்டம் வந்தபின் அவள் அழைப்பது நின்றுபோனது. ஏதோ கோபம் போலிருக்கிறது என்று இவனும் வீம்பாக இருந்துவிட்டான்.

கடைசியில் மனம் கேட்காமல் நேரில் போனான். அக்காவுக்குக் கோபம் ஒன்றுமில்லை. போனை எடுத்துத் தன் தோழியை அழைத்துக் காட்டினாள். தோழியின் விரல்கள் கலங்கி, பாதி வார்த்தையில் உறைந்து நின்றன.

“பாத்தியா? எங்க எல்லாருக்கும் கை திக்குது” என்று சைகை செய்தாள்.

“உனக்குப் பெரிய திட்டம் போட்டுத் தரேன்க்கா.”

“எனக்கு மட்டும் போட்டு? அவங்களுக்கெல்லாம்? நான் செவுத்தோடயா பேசுறது?” என்றவள், “யாருடா இப்படிப் பண்ணது?” என்று கேட்டாள்.

மேலிடம் என்பதுபோல அவன் விரலை மேலே காட்டினான்.

“அந்தாளு வீட்டுல எங்கள மாதிரி யாரும் இல்ல போல” என்றாள்.

மறுநாள் மேலாளரிடம் போய் நின்றான். “சைகையில பேசுறவங்களுக்கு வீடியோதான் சார் பேச்சு. அதையும் முன்னாடி விடணும்.”

“எது சைகை, எது சினிமான்னு மெஷினுக்கு எப்படிப்பா தெரியும்? ஒருத்தருக்குத் திறந்தா எல்லாரும் நுழைவாங்க. அப்புறம் மேல் திட்டத்தை எவன் வாங்குவான்? கூட்டத்துல நீ சொன்னதுதானே இது?”

அவன் சொன்னதுதான். வார்த்தைகூட மாறவில்லை. தன் இடத்துக்குத் திரும்பினான். வேலையை விடவும் இல்லை.

சில வாரம் கழித்து அக்காவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: “லீவு நாள். பஸ் ஸ்டாண்ட் மரத்தடி. தோழிங்க எல்லாரும் வந்தாங்க. நிறைய பேசினோம்.”

மழை பெய்தால் அதுவும் கிடையாது.