அருவிக்குக் கொண்டுபோன கிணற்றுத் தண்ணீர்

யாழ்ப்பாணத்தில் ஆறு என்று பெயருக்கு ஒன்று இருக்கிறது. மாரியில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். ஆகவே எங்கள் சனசமூக நிலையம் மலைநாட்டு அருவிக்குச் சுற்றுலா போவதாக அறிவித்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். ஐம்பது வயதாகப் போகிறது, அருவியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதன் கீழே ஒரு தரம் நின்று தலை நனைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

சுற்றுலாவை நடத்தியவர் நிலையத்தின் தலைவர். பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்ந்ததை நாங்கள் இன்னும் காணவில்லை. பஸ்ஸில் ஏறுமுன் எங்களை வரிசையில் நிறுத்திப் பேசினார்.

"வெளியூர்க் கடைச் சாப்பாட்டை நம்பேலாது. ஆத்தங்கரையிலை நாங்களே சமைப்பம்."

'நாங்கள்' என்றால் யார் என்று எவரும் கேட்கவில்லை. பெரிய சமையல் கிடாரமும் காஸ் அடுப்பும் சுன்னாகச் சந்தையில் வாங்கிய கத்தரிக்காயும் ஏறின. கடைசியாகத் தண்ணீர் ஏறியது. பெரிய பெரிய பிளாஸ்டிக் கலன்களில் எங்கள் ஊர் ஒழுங்கையில் இருக்கும் கிணற்றுத் தண்ணீர்.

"ஆத்துக்குத்தானே போறம், தண்ணி ஏன்?" என்று கணவரிடம் கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உந்த ஆத்துத் தண்ணியைக் குடிச்சுப்போட்டு ஆர் வழியெல்லாம் வயித்தாலை போறது? எங்கடை கிணத்துத் தண்ணி மாதிரி வருமே?"

வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். அருவியில் குளிக்கக் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெளிநாடும் வேலையும் கேட்பவர்களுக்கு நடுவில் அவ்வளவு மலிவான வேண்டுதலைக் கேட்டுப் பிள்ளையாருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

மறுநாள் காலையில் அருவிக்குப் போய்ச் சேர்ந்தோம். படத்தில் அது சத்தம் போடுவதில்லை. நேரில் நின்றபோது நெஞ்சுக்குள் இடித்தது. வாயைத் திறந்தபடி நின்றேன். அதற்குள் தலைவர் மரநிழலைக் காட்டி, அடுப்பை அங்கே மூட்டச் சொன்னார். சாப்பிட்டவுடன் பஸ் வெளிக்கிடும் என்றும் அறிவித்தார்.

"அப்ப நாங்கள் எப்ப குளிக்கிறது?" என்றேன்.

"சமைச்சுப்போட்டுக் குளிக்கலாம்தானே," என்றார் கணவர், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு.

சமைத்தால் பரிமாற வேண்டும், பரிமாறினால் கழுவ வேண்டும். கழுவி முடிய பஸ் ஹோர்ன் அடிக்கும். அந்தக் கணக்கு எல்லாப் பெண்களுக்கும் தெரியும். இருந்தும் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தோம். எனக்கு வந்த கண்ணீரில் பாதி வெங்காயத்துடையது அல்ல.

ஆண்கள் ஆசைதீரக் குளித்தார்கள். பிறகு கரையில் கூடி ஆற்றை விசாரித்தார்கள்.

"பாருங்கோ, இவ்வளவு தண்ணியும் சும்மா கடலுக்குப் போகுது," என்றார் தலைவர். ஒரு தடியை எடுத்து மணலில் யாழ்ப்பாணம் வரைக்கும் வாய்க்கால் கீறினார். அந்த வாய்க்காலில் எத்தனை வெங்காயத் தோட்டம் விளையும் என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. எங்கள் கையிலிருந்த வெங்காயத்தை உரிக்க ஒருவரும் வரவில்லை.

சோற்றுக்கு உலை வைக்கக் கலனைத் தூக்கினேன். காற்றுப் போலக் கிடந்தது. அடுத்ததும் அப்படித்தான். ஆற்றுத் தண்ணீர் தலையில் ஊறினால் தடிமனும் சளியும் பிடிக்கும் என்று, ஆற்றில் குளித்த அத்தனை பேரும் கிணற்றுத் தண்ணீரை வார்த்து முழுகியிருக்கிறார்கள்! அரைக் கிடாரம் உலைக்குத்தான் மிச்சம் தேறியது. அதை அடுப்பில் ஏற்றி அரிசியைப் போட்டேன்.

"இப்ப என்ன செய்யிறது?" தலைவரின் குரல் முதல்முறையாக இறங்கியது.

"கொதிக்க வைச்சால் ஆத்துத் தண்ணியும் தண்ணிதான். நான் எடுத்துக்கொண்டு வாறன்," என்றேன். ஒரு குடத்தை எடுத்தேன். கணவரின் கையில் அகப்பையைக் கொடுத்தேன். "அதுவரைக்கும் இதைப் பாருங்கோ."

ஆறு பத்தடியில் ஓடியது. நான் அருவிக்குப் போனேன். குடத்தைப் பாறையில் வைத்துவிட்டு, உடுத்த சேலையோடு உள்ளே இறங்கினேன். முதல் அடி உச்சந்தலையில் விழுந்தபோது மூச்சு நின்று வந்தது. குளிர் எலும்பு வரைக்கும் போனது. நான் சத்தமாகச் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். அந்த இரைச்சலில் எனக்கே தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், மற்றப் பெண்களும் வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி வாளியோடு, ஒருத்தி சருவத்தோடு. தேநீர்க் கேத்தலோடுகூட ஒருத்தி வந்தாள். எல்லோரும் தண்ணீர் எடுக்கத்தான் வந்தார்களாம்.

கொஞ்ச நேரத்தில் கணவர் கரைக்கு ஓடி வந்தார். கையில் அகப்பை. முகமெல்லாம் வியர்வை.

"இஞ்சாரும்! சோத்துக்கு உப்பு எவ்வளவு போடுறது?"

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்காத கேள்வி. நன்றாகக் கேட்டது. கேட்காதவள் போல முகத்தைத் திரும்பவும் அருவிக்குள் கொடுத்தேன்.