நான் டாக்டர் இல்லை, ஆன்ட்டி

ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக் கழற்றாமல் மெட்ரோவில் ஏறியது என் தப்புதான்.

பெங்களூரில் வைட்ஃபீல்ட் போகும் ரயில். பக்கத்து சீட் ஆன்ட்டி அட்டையைப் பார்த்ததும் முழங்காலைத் தடவிக் காட்டினார். "டாக்டரம்மா, படி ஏறினா உயிர் போவுது."

"நான் டாக்டர் இல்ல ஆன்ட்டி. கேன்சர் கட்டிக்கு எந்தப் பக்கத்துலருந்து எவ்ளோ ரேடியேஷன் குடுக்கணும்னு கணக்குப் போடுறவ. பிசிக்ஸ் படிச்சு வந்த மெடிக்கல் பிசிசிஸ்ட்."

"ஓ, பில்லிங் செக்ஷனா?"

அவருக்கு அந்தப் பக்கம் இருந்த மகள், செகண்ட் பியூசி, அதாவது பிளஸ் டூ படிப்பவள், இயர்போனைக் கழற்றினாள். "அக்கா, இந்த வேலைல ரத்தம் பாக்கணுமா?"

"எனக்கு நாள் முழுக்க கம்ப்யூட்டரும் மெஷினும்தான். ஆனா கணக்கு தப்பினா பக்கத்துல இருக்குற நல்ல உறுப்பு போச்சு."

அவள் அம்மாவைப் பார்த்த பார்வையிலேயே வீட்டுச் சண்டை புரிந்துவிட்டது; மீதியை அவளே சொன்னாள். பெண்ணுக்குக் கணக்கு என்றால் உயிர், ஊசியைப் பார்த்தால் மயக்கம். அம்மாவோ நீட் கோச்சிங்கில் சேர்க்கக் கூட்டிப்போய்க்கொண்டிருக்கிறார்.

"டாக்டர் இல்லன்னா ஆஸ்பத்திரில என்னம்மா மரியாதை?"

"நான் கையெழுத்துப் போடாம மெஷினை ஆன் பண்ண மாட்டாங்க ஆன்ட்டி."

ஆன்ட்டி கைப்பையிலிருந்து போனை எடுத்தார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "ஏங்க, கோச்சிங் வேணாம். பிசிக்ஸே படிக்கட்டும். பக்கத்துல டாக்டரம்மாவே சொல்றாங்க."

திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். மகள் கண்ணாலேயே கெஞ்சினாள். மூடிக்கொண்டேன்.

முழங்காலுக்கு மாத்திரை கேட்பதற்குள் என் ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கி, அடுத்த ரயிலுக்கு நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். நீங்களாக இருந்தால் திருத்தியிருப்பீர்களா?